முட்டைக்காரம்மா இறங்கிய இடங்கள்

கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே ஸ்டாப்பிங்கே இல்லாத இடங்களில் என் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போன ஒரே ஆள் அந்த அம்மாதான். ஏரிக்கரைத் திருப்பத்தில் இறங்கியிருக்கிறார். ஆள் நடமாட்டமே இல்லாத கொல்லை ஓரத்தில் இறங்கியிருக்கிறார். ஒரு தடவை சுடுகாட்டுக்கு எதிரே இறங்கி, தலையில் கூடையை ஏற்றிக்கொண்டு, கடைத்தெருவில் நடப்பது போல நிதானமாக நடந்து போனார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. லைனில் எல்லோருக்கும் அவர் முட்டைக்காரம்மா. அப்போது ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. சுற்றுப்பட்டு ஊர்களில் வீடு வீடாகப் போய் நாட்டுக்கோழி முட்டை சேர்ப்பார். மூங்கில் கூடையில் உமி பரப்பி, முட்டையை வரிசையாக நட்டு, மேலே மறுபடியும் உமி போட்டு, பழைய வேட்டியால் மூடிக் கட்டியிருப்பார். காலை ஏழு மணிக்கு என் வண்டியில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்து, கூடையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்வார். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள டீக்கடைகளுக்கும், ஒரு பாய் நடத்திய ஓட்டலுக்கும் அவர்தான் முட்டை.

எழுபதுகளின் பின்பாதி அது. எனக்கு இருபத்தெட்டு வயது. அதற்கு முன்னால் ஆறு வருஷம் லாரி ஓட்டி, பம்பாய் வரைக்கும் போய் வந்தவன். ஒரு உரசல்கூட கிடையாது. அந்தத் தலைக்கனத்தோடுதான் தனியார் பஸ்ஸுக்கு வந்தேன். செஞ்சியிலிருந்து எங்கள் வண்டிக்கு ஐந்தே நிமிஷம் முன்னால் ஒரு பச்சை பஸ் கிளம்பும். அது வேறு முதலாளியுடையது. இரண்டு முதலாளிகளுக்கும் ஆகாது. முந்திப் போகிற வண்டிக்குத்தான் வழியில் நிற்கிற ஜனம். அதனால் தினமும் பந்தயம்தான். புளியமரங்களுக்கு நடுவே ஒன்றரை வண்டி அகலத்துக்கு ரோடு. எதிரே முன்கண்ணாடியில் அண்ணாமலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். அது கண்ணாடியை அடைத்துக்கொள்வதற்குள் பச்சை பஸ்ஸைத் தாண்டிவிட வேண்டும் என்பது என் கணக்கு.

முதல் தடவை அவர் எழுந்தது அப்படி ஒரு காலையில்தான். பச்சை பஸ்ஸின் பின்பக்கம் என் கண்ணில் பட்டுவிட்டது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். ஜன்னல் ஷட்டர்கள் எல்லாம் தடதடவென்று அடித்துக்கொண்டன. தோளுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"தம்பி, நிறுத்துப்பா. நான் எறங்கிக்கிறேன்."

"இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா."

"தெரியும்பா. எனக்குப் பயமா இருக்குது. எறக்கி உட்டுடு."

கண்டக்டர் சிரித்தான். "முட்டை ஒடையாதும்மா. அதான் உமி போட்டுக் கட்டிக்கீறியே. குந்து."

"முட்டை ஒடஞ்சா நாளைக்கு வேற முட்டை. நான் முட்டைக்குச் சொல்லல. எனக்குச் சொல்றேன்."

வண்டி முழுக்கச் சிரிப்பு. நான் பிரேக்கை அழுத்தினேன். அவர் கூடையை இறக்கி, புடவைத் தலைப்பைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன் மேல் கூடையை ஏற்றிக்கொண்டார். "சரிப்பா, நீ போ" என்றார். பச்சை பஸ் அதற்குள் போயே போய்விட்டது. அன்று முழுக்க எனக்கு அவர் மேல் ஆத்திரம்.

வேகமாகப் போனால் திட்டுகிற ஆட்கள் எல்லா வண்டியிலும் உண்டு. குடும்பத்தை இழுப்பார்கள், சாபம் விடுவார்கள். டிரைவர்களுக்கு அது பழக்கம். இன்னும் கொஞ்சம் அழுத்தத்தான் தோன்றும். இந்த அம்மா திட்டவே மாட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். பசிக்கிறது, தாகமாக இருக்கிறது என்று சொல்வது போலப் பயமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் என்ன செய்ய முடியும்? வாரத்துக்கு ஒரு தடவையாவது இறங்கிவிடுவார். மறுநாள் காலை அதே வண்டியில், அதே சீட்டில் ஏறி, "வூட்ல புள்ளைங்க நல்லா கீதுங்களாப்பா?" என்று கேட்பார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டது போலவே தெரியாது.

சாயங்காலம் திரும்பும்போது கூடை காலியாக இருக்கும். அப்போதும் ஒரு நாள் எழுந்துவிட்டார். கண்டக்டருக்குத் தாங்கவில்லை.

"இப்பதான் கூடை காலியா இருக்குதே?"

"கூடைதானப்பா காலி. நான் இருக்கேனே."

தினமும் எங்கள் வண்டியில் ஒரு மிலிட்டரிக்காரர் வருவார். பட்டாளத்திலிருந்து ரிடையராகி, டவுனில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். மீசையை இரண்டு பக்கமும் முறுக்கி விட்டிருப்பார். எல்லைச் சண்டைக் கதைகளை அவரிடம் கேட்டபடியே ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். அவர் ஒரு நாள் இரக்கத்தோடு கேட்டார்.

"உங்க வூட்ல யாராச்சும் ஆக்சிடென்ட்ல போய்ட்டாங்களாம்மா?"

"ஒருத்தரும் போகல. எல்லாரும் நல்லா கீறாங்க. யாராச்சும் போனாத்தான் பயப்படணுமா?"

அடுத்த வாரம் அந்த அம்மா எழுந்து நின்றபோது மிலிட்டரிக்காரரும் எழுந்தார். "பாவம், பொம்பள தனியா நடக்குது. தொணைக்குப் போறேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு இறங்கினார். அதற்கடுத்த தடவை காரணம் எதுவும் சொல்லவில்லை. சும்மா இறங்கினார். பிறகு டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போகிற இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவர் டீக்கடைக்கு முட்டை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"ஏம்மா, பம்பாய் வரைக்கும் ஓட்டினவன் நான். இத்தினி வருஷ சர்வீஸ்ல ஒரு கோழிகூட அடிபட்டதில்ல. என் மேல நம்பிக்கை இல்லியா உங்களுக்கு?"

"நீ நல்லாத்தான் ஓட்டறே. நான் இல்லன்னா சொன்னேன்?" என்றார், கையிலிருந்த முட்டையைப் பார்த்துக்கொண்டே. "எதுக்க வர்ற மாட்டுக்கு அது தெரியுமாப்பா?"

டீக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. என்னையும் கண்டக்டரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். "நடுரோட்ல நாலு பேரு அஞ்சு பேருன்னு எறங்கறாங்களாமே. அந்த முட்டைக்காரிய இனிமே ஏத்தாத" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் காலை கீழ்பென்னாத்தூரில் அவர் வழக்கமான இடத்திலிருந்து கையைக் காட்டினார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் நிறுத்தி, மற்றவர்களை ஏற்றிக்கொண்டு, அவர் கூடையோடு வந்து சேர்வதற்குள் வண்டியை எடுத்துவிட்டேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். ஓடி வரவில்லை. கத்தவும் இல்லை. கூடையைப் பிடித்தபடி நின்று, வண்டி போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. ஏரிக்கரையில் பச்சை பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். வலது பக்கம் மண்ணில் ஏறினேன். இரண்டு வண்டியும் ஜோடியாகப் போகின்றன. அவனும் விடவில்லை, நானும் விடவில்லை. திருப்பத்தில், புளியமரத்து நிழலுக்குள்ளிருந்து ஒரு மாட்டு வண்டி எதிரே வந்தது. மேல் வரைக்கும் மல்லாட்டை மூட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பச்சை பஸ்காரன் பிரேக் போட்டான். அவன் முன்னால் கிடைத்த இடுக்கில் என் வண்டியை இடது பக்கம் திணித்தேன். இடது சக்கரங்கள் தார் ரோட்டை விட்டு இறங்கிக் கரை மண்ணில் ஓடின. அதற்குக் கீழே ஏரித் தண்ணீர். மாட்டு வண்டியின் அச்சு என் வண்டியின் வலது பக்கத்தை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் கிழித்துக்கொண்டே போனது. அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியவில்லை.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வண்டி நின்றது. மாட்டுக்காரர் கீழே குதித்து, இரண்டு மாடுகளின் கழுத்தையும் மாறி மாறித் தடவிக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்குள் அறுபது பேர். ஒரு குழந்தை மட்டும் அழுதது. மிலிட்டரிக்காரர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி அந்த அம்மா வழக்கமாக உட்காரும் சீட்டைப் பார்த்தேன். யாரோ ஒருத்தர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். இத்தனை பேருக்கும் பயம் இருந்திருக்கிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்தே இருந்திருக்கிறது. சொல்கிற ஆளை நான் ரோட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கப் பார்த்தேன். விரல்கள் வரவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இந்தப் பயம் இன்றைக்கு வந்ததல்ல. பல மாதங்களாக அந்தத் திருப்பம் வரும்போதெல்லாம் வயிற்றில் ஏதோ ஒன்று இறுகும். அதற்கு நான் உற்சாகம் என்று பெயர் வைத்திருந்தேன்.

மறுநாள் அவர் முன்னால் கொண்டு போய் வண்டியை நிறுத்தினேன்.

"நேத்து நான் நிக்காம போய்ட்டேம்மா."

"பாத்தேன். பின்னால வந்த வண்டில வந்துட்டேன்." ஏறாமல், வண்டியின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னப்பா, இம்மாம் நீளத்துக்குக் கோடு போட்டுக்கீது?"

"மாட்டு வண்டி உரசிடுச்சும்மா."

"யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?"

"ஆவல."

"மாட்டுக்கு?"

"அதுக்கும் ஆவல."

அதன் பிறகுதான் ஏறி உட்கார்ந்தார். நான் சொன்னேனே என்றோ, பார்த்தாயா என்றோ அவர் வாயிலிருந்து வரவில்லை.

அன்றிலிருந்து நான் மெதுவாக ஓட்டினேன். பச்சை பஸ் முன்னால் போய் ஜனத்தை அள்ளிக்கொண்டது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு முதலாளியே செஞ்சியில் வந்து வண்டியில் ஏறினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எனக்கு இடது பக்கத்து முன் சீட்டில் உட்கார்ந்தார். "இன்னிக்கு நானும் வரேன். எவன் முந்தறான்னு பாப்போம்" என்றார்.

கீழ்பென்னாத்தூரில் அந்த அம்மா ஏறினார். முதலாளிக்கு அவரைத் தெரியாது. ஊரைத் தாண்டியதும் தூரத்தில் பச்சை பஸ் தெரிந்தது.

"அழுத்துப்பா."

அழுத்தினேன். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் கால் கேட்கத்தான் செய்கிறது. ஷட்டர்கள் அடிக்க ஆரம்பித்தன. மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்கு ரோடு தெரியவில்லை, அந்த ஏரிக்கரைத் திருப்பம் மட்டும்தான் தெரிந்தது. அதற்கு இன்னும் ஒரு மைல்.

"தம்பி, நிறுத்துப்பா. நான் எறங்கிக்கிறேன்."

முதலாளி திரும்பினார். "ஓ, இவதானா அது? இங்கல்லாம் வண்டி நிக்காது. குந்து."

"நிக்கும்ங்க. தம்பி நிறுத்தும்."

நிறுத்தினேன். முதலாளியின் முகத்தை நான் பார்க்கவில்லை. "சரி, எறக்கி உட்டுட்டு எடு. நேரமாவுது" என்று மட்டும் கேட்டது.

அவர் கூடையோடு இறங்கினார். மிலிட்டரிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். டைப்ரைட்டிங் பெண்கள் இறங்கினார்கள். அதோடு நிற்கும் என்று நினைத்தேன். கடைசி சீட்டிலிருந்து ஒரு பெரியவர் தன் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று, கையில் தட்டுக்கூடையோடு. கோர்ட்டுக்குப் போகிற இரண்டு பங்காளிகள், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாதவர்கள், ஒருவர் பின்னால் ஒருவராக இறங்கினார்கள். வாசலில் நெரிசலாகிவிட்டது. முதலாளி எழுந்து நின்றார்.

"எல்லாரும் எறங்கினா எப்பிடி? நடந்தேவா போவீங்க?"

"பின்னால வண்டி வரும்ங்க" என்றது ஒரு குரல். அதில் மரியாதைக்குக் குறைவில்லை.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தான், எடுத்தான். என்னைப் பார்த்தான். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவனும் இறங்கிவிட்டான்.

வண்டிக்குள் நானும் முதலாளியும். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடா பாக்கற? எடு. காலி வண்டி இன்னும் நல்லாப் பறக்கும்."

நான் இன்ஜினை அணைத்தேன்.

"மொதலாளி, எனக்கும் பயமா இருக்குதுங்க."

"உனக்கா? டிரைவர்டா நீ."

"ஆமாங்க. எதுக்க எது வருதுன்னு மொதல்ல பாக்கறவன் நான்தானுங்க."

வண்டி ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வார்த்தையை நான் வெளியே சொன்னதில்லை. சொன்னதும் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. வேலை போய்விடும் என்று தெரியும். கதவைத் திறந்து குதித்து, அந்தப் பக்கம் போய் முட்டைக்காரம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்று எனக்கு நிழலில் இடம் விட்டார்.

புளியமரத்தடியில் முப்பது பேருக்கு மேல் நின்றோம். பிறகு யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே பரவியது. ஒருத்தர் மடியிலிருந்து வறுத்த மல்லாட்டையை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். பங்காளிகள் இரண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள். ஆட்டுக்குட்டி ரோட்டோரம் மேய்ந்தது. மிலிட்டரிக்காரர் முன்னால் வந்து, சத்தமாக, "சண்டையில இருந்தப்பகூட நான் இவ்ளோ பயந்ததில்லய்யா, இந்த லைன்ல வந்துதான் பயந்தேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்கு மீசை துடித்தது. சந்தோஷத்தில்தான்.

காலி வண்டியின் ஜன்னல் வழியாக வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாரோ. கடைசியில் படியில் வந்து நின்றார்.

"வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றார் அந்த அம்மா.

முதலாளி இறங்கினார். யாரையும் பார்க்காமல் கேட்டார். "சரி, எவ்ளோ வேகத்துல போனா ஏறுவீங்க?"

"நான் எறங்காத வேகத்துல போனாப் போதும்ங்க."

முதலாளி சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பச்சை பஸ் டிரைவர் என்னைத் தேடி வந்தான். அதுவரைக்கும் நாங்கள் ஹாரனில் மட்டும்தான் பேசியிருக்கிறோம்.

"உன் வண்டில எல்லாரும் எறங்கிட்டாங்களாமே?"

"நானும் எறங்கிட்டேன்."

அவன் டீயை ஆற்றி ஒரு வாய் குடித்தான். "எனக்கும் அந்த ஏரிக்கரை வந்தா பயம்தான்" என்றான். இரண்டு பேருக்கும் ஒரே திருப்பத்தில் ஒரே பயம். பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போயும் ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரியவில்லை.

அந்தக் கதை சந்தைக்குச் சந்தை பரவிவிட்டது. கீழ்பென்னாத்தூரில் ஜனங்கள் முட்டைக்காரம்மா எந்த வண்டியில் ஏறுகிறார் என்று பார்த்து ஏற ஆரம்பித்தார்கள். பச்சை பஸ் கண்டக்டர் கீழே குதித்து, "அம்மா, வாங்கம்மா, நம்ம வண்டி மெதுவாத்தான் போவும்" என்று கூடையைப் பிடித்து இழுப்பான். எங்கள் கண்டக்டர் மறுபக்கம் பிடித்து, "மொதமொதல்ல மெதுவாப் போனதே நம்ம வண்டிதாம்மா" என்பான். வேகத்துக்குப் போட்டி போட்ட ரோட்டில் நிதானத்துக்குப் போட்டி நடந்தது. முதலாளிகள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, இரண்டு வண்டிக்கும் நடுவே இருபது நிமிஷம் விட்டார்கள். இரண்டு வண்டியிலும் ஆள் கம்மியாகவில்லை.

நான் அதன் பிறகும் அதே லைனில் ரொம்ப வருஷம் ஓட்டினேன். எண்பதுகளின் நடுவில் புது வண்டி வந்தது. குஷன் சீட், பாட்டுப் பெட்டி எல்லாம் வைத்தது. ஒரு நாள் சாயங்காலம் டவுனில் அந்த அம்மா ஏறினார். தலை முழுக்க நரைத்திருந்தது. என் பின்னால் உட்கார்ந்தார். பாதி வழியில் கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ பேர் என் வண்டியில் தூங்கியிருக்கிறார்கள். நான் அப்படித் திரும்பத் திரும்பப் பார்த்ததில்லை.

கீழ்பென்னாத்தூர் வந்துவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் தட்டி எழுப்பக் கையை நீட்டினான். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு இன்ஜினை நிறுத்தினேன். செஞ்சி வரைக்கும் போக வேண்டிய ஜனம் வண்டி நிறைய இருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

சத்தம் நின்றதில் அவரே விழித்துக்கொண்டார்.

"ஏம்பா நிறுத்திட்ட?"

"உங்க ஊரு வந்துடுச்சும்மா."

அவர் ஜன்னலுக்கு வெளியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"அதுக்குள்ளயா?" என்றார்.